குளத்துக் கணக்கில் ஒரு தலை

மார்ச் 4, திங்கள்

காலையில் குளத்தின் பி.எச். ஏழரை. குளோரின் அளவும் சரி. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் காதணி வரை தெரிந்தது. இப்படி ஒரு நாள் அமைந்தால் எனக்கு டீ கூடக் கொஞ்சம் இனிப்பாகத் தெரியும்.

விளையாட்டு மையத்தின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்ணீரைச் சோதிப்பேன். பி.எச். இறங்கிப் புளிப்பு ஏறினால் சலவைச் சோடா போடுவேன், பி.எச். கூடி உவர்ப்பு ஏறினால் அமிலம் விடுவேன். வடிகட்டியைக் கழுவுவேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. நீச்சல் சொல்லித்தரும் பெண் என்னைத் 'தண்ணி டாக்டர்' என்று கூப்பிடுகிறாள். கிண்டல்தான். இருந்தாலும் டாக்டர் என்கிறாளே!

வீட்டில்தான் பெரிய செய்தி. என் மனைவியின் சுருட்டை முடி நேற்று நேராகிவிட்டது. மச்சினி புதிதாக பார்லர் திறந்திருக்கிறாள். அங்கே முதல் ஸ்ட்ரெய்ட்னிங் அக்காவுக்குத்தான். மருந்து பூசி, ஊறவைத்து, கழுவி, சூடான தகட்டால் இழுத்து, மறுபடி வேறொரு மருந்து பூசி — காலையில் போனவள் சாயங்காலம் வேறு ஆளாக வந்தாள். கதவைத் திறந்த நான் "யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். விளையாட்டுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் ஒரு நொடி தெரியவில்லை.

மார்ச் 6, புதன்

மனைவி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவிகள் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவள் முடியைப் பார்க்கிறார்களாம். இன்று ஒருத்தி வேகத்தடையையே கவனிக்கவில்லை. "எங்க மேடம் பண்ணீங்க?" என்று கேட்டவர்களையெல்லாம் தங்கையிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

நல்லது. மச்சினி இதற்கு முன்னால் தையல் கடை வைத்தாள், மூடினாள். கேக் செய்து விற்றாள், அதையும் விட்டாள். இது மூன்றாவது. அக்கா தங்கை இரண்டே பேர், வேறு கூடப் பிறந்தவர்கள் இல்லை. காலையில் நான் பல் விளக்கும்போதே இருவரும் போனில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என்னதான் பேசுவார்களோ! நேற்று பேசி முடித்தபின் "என்ன விஷயம்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லாததையா அவ்வளவு நேரம்?

மார்ச் 9, சனி

மச்சினி அக்காவுக்கு இரண்டு புட்டிகள் கொடுத்திருக்கிறாள். ஒன்று ஷாம்பு, மற்றது கண்டிஷனர். "மருந்து போட்ட முடி அக்கா, இதைத் தவிர வேற எதையும் தொடாத" என்று உத்தரவு. இவளுக்கோ நுனியெல்லாம் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கிறது, மருந்து வாடை போகவில்லை என்று புலம்பல்.

குளியலறையில் அந்தப் புட்டி என் கண்ணில் பட்டது. முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தது: 'பி.எச். சமன் செய்யப்பட்டது'.

அடடா. நம் பேட்டைக்குள் வந்துவிட்டார்களே!

குளத்துச் சோதனைப் பெட்டி என் பையிலேயே இருந்தது. ஷாம்புவில் துளி எடுத்து, தண்ணீரில் கலந்து, சிவப்பு மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். மஞ்சள்! பளீரென்று மஞ்சள், அதாவது கடும் புளிப்பு. அளவுகோலின் அடிமட்டத்துக்கும் கீழே. கண்டிஷனரும் அதே கதை. இந்த நிறத்தில் என் குளம் இருந்தால் ஓடுகளுக்கு நடுவே இருக்கும் சிமெண்டை அரித்துவிடும், குழந்தைகள் கண் சிவந்து வெளியே வருவார்கள், எனக்கு வேலை போகும். இதைத்தான் இவள் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பெயர் சமனாம்!

மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால் அடுத்த நிமிடமே தங்கைக்குப் போய்விடும். பாவம், இப்போதுதான் கடை திறந்திருக்கிறாள், மனசு வாடிப்போவாள். யாருக்கும் நோகாமல் நானே சரிசெய்துவிடுவது என்று முடிவு.

மார்ச் 10, ஞாயிறு

அவள் காலை வகுப்புக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். சலவைச் சோடா ஒரு டீஸ்பூன், வெந்நீரில் கரைத்து ஷாம்புவுக்குள். குலுக்கல். சோதனை. ஷாம்பு முத்து வெள்ளையாக இருப்பதால் நிறம் மங்கலாகத்தான் தெரிந்தது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று இன்னும் அரை ஸ்பூன். இப்போது நல்ல சிவப்பு. திருப்தி.

ஷாம்பு கொஞ்சம் நீர்த்துப்போனது. பரவாயில்லை. கண்டிஷனர்தான் முரண்டு பிடித்தது, சின்னச் சின்னக் கட்டியாகத் திரண்டது. பழைய பல்துலக்கியின் பின்பக்கத்தால் கிண்டிக் கரைத்தேன். புட்டிகளைத் துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தாயிற்று. மனதுக்குள் எனக்கே ஒரு சபாஷ்.

மார்ச் 17, ஞாயிறு

முடி சொரசொரப்பாக இருக்கிறதாம். உச்சந்தலையில் அரிப்பு வேறு.

முன்பு போட்ட அமிலத்தின் வேலைதான், வேறென்ன? கெட்டது வெளியேற நாள் பிடிக்கும். "கொஞ்சம் பொறு" என்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். சிரித்துக்கொண்டேன்.

அவள் துணி காயப்போடப் போன நேரத்தில் இரண்டு புட்டியிலும் இன்னொரு அரை ஸ்பூன்.

மார்ச் 22, வெள்ளி

என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சீப்பில் முடி வருகிறது. உதிர்ந்த முடி என்றால் வேரோடு நீளமாக வரும். இது பாதியில் முறிந்து துண்டு துண்டாக வருகிறது. குளியலறைத் தரை முழுக்கத் துண்டுகள். தொட்டுப் பார்த்தேன், துடைப்பம் பரவாயில்லை. ஈரமாக இருக்கும்போது பிசுபிசுவென்று இழுபடுகிறது, காய்ந்தால் படாரென்று ஒடிகிறது.

மாணவி ஒருத்தி இன்று, "மேடம், நான் அடுத்த வாரம் பார்லர் போகலாம்னு இருந்தேன்... கொஞ்சம் யோசிக்கிறேன்" என்றாளாம். இவள் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தாள்.

தங்கை போனில் கேட்டது எனக்கும் கேட்டது: "அக்கா, வேற ஏதாவது போட்டியா?"

"நீ குடுத்ததைத் தவிர ஒண்ணும் தொடல."

உண்மைதான். அவள் தொடவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மச்சினி வந்தாள். கையில் ஏதோ புது க்ரீம். அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து முடியை விரலால் பிரித்துப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"நான் போட்ட மருந்தால இப்படி ஆகாது அக்கா. நேரம் பார்த்து எடுத்தேன், ஒரு நிமிஷம் கூட அதிகம் வைக்கல. நீ வேற எதையோ போட்டிருக்கே."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல..."

"தையல் கடையும் இப்படித்தான். கேக்கும் இப்படித்தான். உன் கைராசி அப்படி. நீ தொட்டது எதுதான்டி விளங்கிச்சு? கடைசியில என் தலையிலயும் கை வச்சிட்டே!"

டீத்தட்டோடு சமையலறை வாசலில் நின்றவன் நின்றபடியே நின்றேன். மச்சினி முடியிலிருந்து கையை எடுத்தாள். க்ரீமை மேசை மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாக "வரேன் அத்தான்" என்பாள். அதுவும் இல்லை.

மூன்று டீயையும் நானே குடித்தேன்.

மார்ச் 25, திங்கள்

காலையில் போன் அடிக்கவில்லை. பல் விளக்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மார்ச் 29, வெள்ளி

வேலை முடிந்து வரும் வழியில் பார்லர் பக்கம் போனேன். உள்ளே வாடிக்கையாளர் யாரும் இல்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் மச்சினியே உட்கார்ந்து, காலால் தரையை உந்தி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். வேகமாகக் கூட இல்லை, சும்மா. உள்ளே போகத் தோன்றியது, போகவில்லை. போய் என்ன சொல்வது?

வீட்டில் இவளும் அதே அழகுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள். போன் ஒருமுறை அடித்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏதோ விளம்பரக் குரல். "வேற வேலையில்ல!" என்று அவன் மேல் எரிந்து விழுந்தாள். அவன் என்ன செய்வான், பாவம்.

இரண்டும் பேசாவிட்டால் இந்த வீட்டில் சத்தமே இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பேச்சு எனக்குத் தொந்தரவு என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அதன் பி.எச். என்ன என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

நடந்தது இதுதான். நீச்சல் சொல்லித்தரும் பெண் முடிக்குச் செம்பு நிறத்தில் சாயம் போட்டிருப்பாள். இன்று வகுப்பு முடிந்து, குளத்தோரக் குழாயடியில் நின்று ஒரு சின்னப் புட்டியிலிருந்து எதையோ குவளைத் தண்ணீரில் கலந்து தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குப்பென்று வாடை.

"என்னம்மா இது?"

"வினிகர், டாக்டர். கொஞ்சூண்டுதான். சாயம் போட்ட முடி இல்லையா, உங்க தண்ணில இறங்கினாலே துடைப்பமாயிடும். இதை ஊத்தினாத்தான் அடங்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "என் தண்ணியா? ஏழரை! அச்சு அசலா ஏழரை!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கண்ணுக்கு ஏழரை நல்லது டாக்டர், தரையில பதிச்ச ஓட்டுக்கு நல்லது. முடிக்குப் புளிப்புதான் பிடிக்கும். அஞ்சு, அதுக்கும் கொஞ்சம் கீழன்னாலும் சரி. சாயமோ மருந்தோ போட்ட முடின்னா அது ரொம்ப முக்கியம். என் தலையில ஏழரையைக் கூட்டிட்டு டாக்டர்னு வேற பேரு!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ரசாயன அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சோடா மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

ரசாயனம் சிந்தினால் சோதிக்க ஒரு வகைத் தாள் வைத்திருக்கிறோம். கடும் அமிலத்திலிருந்து கடும் உவர்ப்பு வரை எல்லாம் காட்டும். அதில் கொஞ்சம் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஷாம்புவில் நனைத்தேன். தாள் கருநீலமானது. அட்டையோடு ஒப்பிட்டேன் — பத்தை ஒட்டி.

பத்து!

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குளத்துப் பெட்டிக்கு ஏழுக்குச் சற்றுக் கீழிருந்து எட்டுக்குச் சற்று மேல் வரைதான் கண் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் ஒரே சிவப்புதான். குளம் அந்த எல்லையை நெருங்கும்போதே நான் பூட்டிவிடுவேன், அதனால் இது எனக்கு என்றைக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. நல்ல சிவப்பு, நல்ல சிவப்பு என்று ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டிருக்கிறேன்!

அந்தப் புட்டிகளோடு மச்சினி கொடுத்திருந்த ஷாம்பு சாம்பிள் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதைச் சோதித்தேன். ஐந்து. பிறகு புட்டியைத் திருப்பினேன். பின்பக்கம், பொடி எழுத்தில்: 'ரசாயன சிகிச்சை செய்த முடிக்கு. பி.எச். 4.5 முதல் 5.5'. இவ்வளவு நாளும் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சமன் என்றால் எதற்குச் சமன் என்று திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பெரிய டாக்டர்!

சீப்பிலிருந்து முடித்துண்டுகளை எடுத்து இரண்டு கிண்ணத்தில் ஊறப்போட்டேன். ஒன்றில் நான் சமைத்த ஷாம்பு, மற்றதில் பொட்டலத்து ஷாம்பு. ஊறியதும் விரலுக்கிடையே உருவிப் பார்த்தேன். இரண்டாவது வழுக்கிக்கொண்டு போனது. முதலாவது விரலைப் பிடித்தது. கொஞ்சம் இழுத்தேன், அறுந்தது.

நிரூபணம் முடிந்தது. நாளைக்குச் சொல்கிறேன். — இல்லை. இன்றே. இதை எழுதி முடித்ததும்.

ஏப்ரல் 4, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மனைவி முதலில் நான் ஏதோ குளத்துக் கதை சொல்கிறேன் என்று நினைத்துப் பாதிக் காதோடு கேட்டாள். பிறகு கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"சலவைச் சோடாவா? என் தலைக்கா?"

"ஒன்றரை ஸ்பூன். அப்புறம் ஒரு அரை."

"அழுக்குச் சட்டைக்குப் போடுறதை?"

"ஆமா."

சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் சேர்ந்து சிரிக்கப் போனேன். அதற்குள் அது அழுகையாகிவிட்டது. முடிக்காக இல்லை. "அவளை என்ன சொல்லிட்டேன் நான்... கைராசின்னு சொன்னேனே. தையல் கடையையெல்லாம் இழுத்தேனே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. கஷ்டமாக இருந்தது, ரொம்பவே.

"நான் போய் உன் தங்கச்சிகிட்ட சொல்றேன்" என்றேன்.

"போங்க" என்றாள். "ஆனா என் சார்பா எதுவும் சொல்லாதீங்க."

ஏப்ரல் 5, வெள்ளி

பார்லருக்குப் போனேன். பாதகம் செய்த புட்டிகளையும் கொண்டுபோனேன், சாட்சிக்கு.

மச்சினி எல்லாவற்றையும் கேட்டாள். என் சோதனையைப் பற்றிச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அதிர்ச்சியா தெரியவில்லை. ஷாம்புவை உள்ளங்கையில் ஊற்றி மோந்து பார்த்தாள். "அத்தான், முடிக்கு மேல மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். நேராக்குற மருந்து அதைத் திறந்து விட்டுத்தான் உள்ள போகும். அப்புறம் இந்த லேசான புளிப்புதான் அதை மூடி வைக்கும். நீங்க மூட மூடத் திறந்து விட்டிருக்கீங்க. அவ முடி என்னதான் பண்ணும்?"

"என் தப்பு. முழுக்க என் தப்பு."

"சரி, விடுங்க. எனக்கும் இப்போ நிம்மதி. என் கையில தப்பு இல்லன்னு தெரிஞ்சுதே. ராத்திரியெல்லாம் அந்த மருந்துப் பெட்டியைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்து எழுந்தேன். "அப்போ ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரியா?"

அவள் புட்டிகளை மூடி ஓரமாக வைத்தாள். "இல்ல அத்தான்."

"அதான் உண்மை தெரிஞ்சு போச்சே."

"நீங்க தெரியாம பண்ணீங்க. அக்கா தெரிஞ்சே சொன்னா."

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. எந்த மூட்டையிலும் இல்லை. வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

ஏப்ரல் 6, சனி

சொன்னதைச் சொன்னபடியே மனைவியிடம் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள். 

ஏப்ரல் 10, புதன்

இன்று குளத்துக்கு வந்த ஒருத்தி என் மனைவியின் மாணவியாம். "மேடம் ரெண்டு மூணு நாளா எங்களை ஒரே தெருவுலதான் சுத்த வைக்கிறாங்க சார். அந்த பார்லர் கிட்ட வந்ததும் மெதுவா போங்கன்னு சொல்றாங்க. தாண்டினதும், திருப்பி வாங்கன்னு சொல்றாங்க. எனக்கு இப்போ வண்டி திருப்புறது நல்லா வருது, வேற எதுவும் வரல."

வீட்டில் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. சும்மா இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கஷ்டமான படிப்பு.

ஏப்ரல் 13, சனி

காலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, "வண்டில ஏறுங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பார்லரில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி புருவத்துக்கு, ஒருத்தி முடிவெட்ட. மனைவி உள்ளே போனாள். மச்சினி நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி வேலையைப் பார்த்தாள். இவள் போய் வரிசையில் கடைசியாக உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலில் நின்று செய்தித்தாள் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது.

முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சினி யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"என்ன பண்ணணும்?"

மனைவி துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்தாள். அந்த முடியைப் பார்த்து, காத்திருந்த பெண் "ஐயோ" என்றாள்.

"எனக்குத் தெரியல. நீ பார்த்துச் செய்."

"முறிஞ்சதெல்லாம் போகணும். கழுத்து வரைக்கும் வெட்ட வேண்டியிருக்கும்."

"வெட்டு."

"அப்புறம் பிடிக்கலன்னு..."

மனைவி காலால் உந்தி நாற்காலியைத் திருப்பினாள். இப்போது கண்ணாடிக்கு முதுகு, எங்கள் எல்லோருக்கும் முகம். "நான் பார்க்கவே இல்ல. நீ முடிச்சிட்டுச் சொல்லு, அப்புறம் திரும்புறேன்" என்றாள். பிறகு, புருவத்துக்கு வந்தவள், முடிவெட்ட வந்தவள், வாசலில் நின்ற நான், எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள்: "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உன் கையைச் சொன்னது ரொம்பத் தப்பு. என் தலை உன் கையில இருக்கு, என்ன வேணா பண்ணு."

மச்சினியின் கை அப்படியே நின்றது. கத்தரி அந்தரத்தில். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, துடைக்கவும் முடியவில்லை, இரண்டு கையிலும் சாமான். இவளும் அழ ஆரம்பித்து, தோள் குலுங்கியது.

"தலையை ஆட்டாதக்கா" என்றாள் மச்சினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "காது போயிடும்."

காத்திருந்தவளும் சேர்ந்து அழுதாள். அவளுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது.

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கழுத்து வரை முடி. பின்கழுத்து தெரிகிறது. இவ்வளவு வருஷத்தில் அங்கே ஒரு மச்சம் இருப்பது எனக்குத் தெரியாது. அழகாக இருக்கிறாள். சொன்னேன். "இப்போதான் தெரிஞ்சுதா?" என்றாள்.

இன்னும் ஒரு வாரத்துக்கு வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான். அதற்கான சோப்பின் பி.எச். என்ன என்று இரண்டு பேரும் போனில் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மே 12, ஞாயிறு

மாணவிகள் இப்போது 'மேடம் மாதிரி' கழுத்தளவு வெட்டிக்கொள்ளப் போகிறார்களாம். பார்லரில் சனி, ஞாயிறு இடம் கிடைப்பதில்லை. மச்சினி ஒரு விதி வைத்திருக்கிறாள்: மருந்தோ சாயமோ போட்டுக்கொள்கிறவர்களிடம், என்ன ஷாம்பு என்பதோடு சேர்த்து, "வீட்டுல வேற யாராவது புட்டியைத் தொடுவாங்களா?" என்றும் கேட்கிறாள். ஏன் என்று யாராவது கேட்டால் முழுக் கதையும் சொல்கிறாள். நேற்று பேருந்தில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கெட்ட பெயர் எனக்கு முன்னால் ஊர் சுற்றுகிறது.

மே 21, செவ்வாய்

குளம் ஏழரை. அது குளத்துக்கு.

ஜூன் 9, ஞாயிறு

மச்சினி வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் பின்தலையைப் பார்த்தவள், "அத்தான், யாரு வெட்டினது இதை? எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். பழக்கமான கடை என்று சொல்லி முடிப்பதற்குள் என் கழுத்தைச் சுற்றித் துண்டு வந்துவிட்டது. முக்காலியில் உட்காரவைத்தார்கள்.

பின்னால் இருவரும் நின்றார்கள். மனைவியின் வேரில் சுருட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதை மறுபடி நேராக்குவதா, அப்படியே விடுவதா என்று ஒரு பக்கம் பேச்சு. நடுநடுவே என் தலை.

"அக்கா, இந்தப் பக்கம் எவ்வளவு விடலாம்?"

"என்னைக் கேக்கறியே. நீ வெட்டு, உனக்குத் தெரியாததா?"

கத்தரி ஓடியது. மாணவி ஒருத்தி பின்னால் போவதற்குப் பதில் முன்னால் போய்ச் செடித்தொட்டியை உடைத்த கதையை மனைவி ஆரம்பித்தாள். மச்சினி சிரித்த சிரிப்பில் கத்தரி எங்கேயோ போய்வந்தது. "ஐயையோ" என்று ஒரு சத்தம். பிறகு இருவரும் குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள், மறுபடி சிரித்தார்கள்.

என்ன ஆயிற்று என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு என் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது.